கிலோமீட்டரைப் பார்த்து மயங்காதீங்க: பழைய டுகாட்டி ஒண்ணை வாங்கி ரெண்டு வருஷம் ஓட்டினதுல தெரிஞ்சது

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, படிக்க வசதியாகத் தொகுத்தது.)

ஹெட்போன்ல கேட்கிறவங்க வால்யூமைக் கொஞ்சம் குறைச்சு வெச்சுக்கங்க, நடுவுல ஒரு எஞ்சின் சத்தம் வரும். எழுத்துல படிக்கிறவங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

திருச்சியிலிருந்து ஒரு தம்பி மெயில் போட்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்து 3 வருஷம் ஆச்சாம். கையில 8 லட்சம் சேர்த்து வெச்சிருக்கார். பெங்களூர்ல ஒரு 2019 மாடல் டுகாட்டி சூப்பர்ஸ்போர்ட் விலைக்கு வந்திருக்கு, 3,800 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, கேட்கிற விலை 7.75 லட்சம். "அண்ணா, புது வண்டி மாதிரியே இருக்கு. நீங்களும் அதே வண்டிதானே வெச்சிருக்கீங்க, கண்ணை மூடிட்டு வாங்கிடலாமா?"னு கேட்டிருக்கார். அந்த மெயிலைப் படிச்சதும் வேற ஒரு தலைப்புக்கு எழுதி வெச்சிருந்த குறிப்பை ஓரமா வெச்சுட்டு இதைப் பேச உட்கார்ந்துட்டேன். ஏன்னா அது ஒருத்தரோட மொத்த சேமிப்பு.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். 3,800 கிலோமீட்டர்ங்கிறது அந்த வண்டியோட பெருமை இல்லை. அதுதான் அதுல நான் முதல்ல சந்தேகப்படுற விஷயம்.

தெரியாதவங்களுக்கு வண்டியைப் பத்தி கொஞ்சம். டுகாட்டி இத்தாலியில பொலோனா நகரத்துக் கம்பெனி. 1926-ல ரேடியோ பாகங்கள் செய்ய ஆரம்பிச்சாங்க, உலகப் போர் முடிஞ்சப்புறம்தான் வண்டிக்கு வந்தாங்க. சூப்பர்ஸ்போர்ட்ங்கிற இந்த மாடல் இந்தியாவுக்கு 2017-ல வந்தது. அப்போ எக்ஸ் ஷோரூம் 12 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. 937 சிசி, ரெண்டு சிலிண்டர், சுமார் 110 குதிரைத்திறன், பெட்ரோலோட சேர்த்து 210 கிலோ. பேர்தான் சூப்பர்ஸ்போர்ட், பானிகாலே மாதிரி முதுகை உடைக்கிற ரேஸ் வண்டி கிடையாது. ரோட்டுல ஓட்டறதுக்குன்னு செஞ்ச ஸ்போர்ட்ஸ் பைக். செகண்ட் ஹேண்ட்ல பாதி விலைக்குக் கிடைக்குது. அந்தப் பாதி விலைதான் எல்லாரையும் இழுக்குது, என்னையும் சேர்த்துத்தான்.

இப்போ எஞ்சினுக்குள்ள போகணும். கொஞ்சம் பொறுமையா கேளுங்க, பணம் போற வழி இங்கதான் இருக்கு.

சாதாரண எஞ்சின்ல வால்வைத் திறக்கிறது கேம், மூடறது ஸ்பிரிங். 1950-கள்ல கிடைச்ச ஸ்பிரிங் எல்லாம் ரேஸ் வேகத்துக்குத் தாங்கலை. எஞ்சின் வேகமா சுத்தும்போது ஸ்பிரிங் வால்வை நேரத்துக்கு மூட முடியாம தடுமாறும். ஃபாபியோ டாலியோனின்னு டுகாட்டியோட தலைமை எஞ்சினியர், "ஸ்பிரிங்கை நம்பவே வேண்டாம், மூடறதுக்கும் ஒரு கேம் வெச்சுடலாம்"னு போனார். 1956-ல ரேஸ் வண்டியில வெச்சார், 1968-ல ரோட்டு வண்டிக்கு வந்துச்சு. அதுக்குப் பேர்தான் டெஸ்மோ. டாலியோனி இதைக் கண்டுபிடிச்சவர் இல்லை, அவருக்கு முன்னாடியே மெர்சிடிஸ் ரேஸ் கார்ல இருந்தது. ஆனா விடாம பிடிச்சுக்கிட்டது இவங்கதான்.

இதை எங்கப்பாவுக்கு விளக்கினப்போ நடந்ததைச் சொல்லணும். அப்பா அரசு பஸ் டெப்போவுல 31 வருஷம் மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவர். முழுசா கேட்டுட்டு, "அப்போ ஒரு வால்வுக்கு ரெண்டு டாப்பெட் செட்டிங்கா?"ன்னார். ஆமாம்ப்பான்னேன். "எத்தனை வால்வு?" எட்டுன்னேன். "அப்போ பதினாறு இடத்துல கேப் பார்க்கணும். வேலை வெட்டி இல்லாதவனுங்கடா" [சிரிப்பு]. என் இஞ்சினியரிங் படிப்பு 4 வருஷத்துல சொல்லாத ஒரு விஷயத்தை அவர் ஒரே வாக்கியத்துல சொல்லிட்டார். அந்தப் பதினாறு கேப்புக்குத்தான் டெஸ்மோ சர்வீஸ்னு பேர். இந்த மாடலுக்கு அது 30,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை.

கவனிக்க வேண்டியது அதுக்குப் பக்கத்துல இருக்கிற இன்னொண்ணு. இந்த எஞ்சின்ல கேமைச் சுத்த வைக்கிறது செயின் இல்லை, ரெண்டு ரப்பர் பெல்ட். பல்லு வெச்ச பெல்ட். அதை மாத்த வேண்டியது 30,000 கிலோமீட்டர் அல்லது 5 வருஷம், எது முதல்ல வருதோ அது. ரப்பருக்கு வண்டி ஓடுச்சா, நின்னுச்சாங்கிற கணக்கு தெரியாது. அது பாட்டுக்கு வயசாகும். சொல்லப்போனா, ஒரே இடத்துல மாசக்கணக்கா நிக்கும்போது பெல்ட் ஒரே வளைவுல மடங்கி நிக்குது. ஓடும்போது பெல்ட் அறுந்தா வால்வு போய் பிஸ்டன்ல இடிக்கும். அதுக்கப்புறம் வண்டி விலைக்கும் எஞ்சின் வேலைக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

இப்போ திருச்சித் தம்பியோட வண்டிக்கு வாங்க. 2019 மாடல், 3,800 கிலோமீட்டர். பெல்ட் மாத்தியிருப்பாங்களா? வித்தவரைக் கேட்டா, "அதுக்கு இன்னும் 26,000 கிலோமீட்டர் இருக்கு பிரதர்"னு சொல்வார். நல்ல மனசோடதான் சொல்வார், அவருக்கும் தெரியாது. காலண்டர்படி அந்தப் பெல்டோட ஆயுள் முடிஞ்சு போச்சு. டயரும் அப்படித்தான். டயரோட பக்கவாட்டுல டாட்னு எழுதி, கடைசியில நாலு இலக்கம் இருக்கும். 2319-னு இருந்தா 2019-ல 23-வது வாரம் செஞ்சது. பட்டன் மாதிரி பளபளன்னு இருக்கும், நகத்தால அழுத்தினா இறுகிப் போயிருக்கும். பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். ஃபோர்க் சீல், பேட்டரி, கூலன்ட் எல்லாமே காலண்டர் கணக்கு. 3,800 கிலோமீட்டர் வண்டியில தேயாம இருக்கிறது பிஸ்டன் ரிங்கும் சீட்டும்தான்.

2023-ல நான் தேடினப்போ இதே மாதிரி ரெண்டு வண்டி என் முன்னாடி இருந்தது. ஒண்ணு பெங்களூர், 2018 மாடல், 4,200 கிலோமீட்டர், 7.6 லட்சம். இன்னொண்ணு கோயம்புத்தூர், அதுவும் 2018, 27,000 கிலோமீட்டர், 6.1 லட்சம். ஆபீஸ்ல நண்பர்கள் எல்லாரும் பெங்களூர் வண்டிக்குத்தான் ஓட்டு. அதை ஏற்கெனவே போய்ப் பார்த்திருந்தேன். கவர் போட்டு மூடி, தூசி கூட இல்லாம இருந்துச்சு. பேட்டரி செத்து, ஜம்ப் கொடுத்துத்தான் ஸ்டார்ட் பண்ணினாங்க. பில்லுன்னு கேட்டா முதல் சர்வீஸ் பில் ஒண்ணே ஒண்ணு.

கோயம்புத்தூருக்கு அப்பாவும் வந்தார். கோவை எக்ஸ்பிரஸ்ல போனோம். வண்டிக்காரர் ஐடிக்காரர்தான், வேலை மாறி வெளிநாடு போறவர். முந்தின நாளே போன்ல சொல்லியிருந்தேன், நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு. அப்பா போனதும் வணக்கம் கூடச் சொல்லாம எஞ்சின் மேல உள்ளங்கையை வெச்சார். அவர் சிரிச்சுட்டு, "காலையில இருந்து சாவியே போடலீங்க சார்"ன்னார். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தாத்தான் உண்மை தெரியும். சூடான எஞ்சின் நிறைய விஷயத்தை மறைச்சிடும்.

20 நிமிஷம் ஐடில்ல விட்டோம். ஃபேன் ஓட ஆரம்பிச்சு, நின்னு, திரும்ப ஓடற வரைக்கும் அப்பா பக்கத்துலயே குனிஞ்சு கேட்டுக்கிட்டு நின்னார். நான் ஹேண்டில்பாரை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி, ஃபிரேம்ல மோதி நிக்கிற இடத்துல நசுங்கல் இருக்கான்னு பார்த்தேன். வண்டி பெருசா விழுந்திருந்தா அந்த இடம் காட்டிக் கொடுத்துடும், பெயின்ட் அடிச்சு மறைக்க யாருக்கும் தோணாது. ரெண்டு சாவி இருந்துச்சு. கம்பெனி சைலன்சர் தனியா அட்டைப்பெட்டியில இருந்துச்சு. சத்தமான சைலன்சரை மாட்டிட்டு ஒரிஜினலை வித்துட்டவங்ககிட்ட வண்டி வாங்காதீங்க, ஈசிஆர்ல போலீஸ் நிறுத்தும்போது தெரியும்.

அப்புறம் அவர் ஒரு ஃபைலை எடுத்துட்டு வந்தார். அஞ்சு வருஷ பில்லும் தேதி வாரியா. டயர் போன வருஷம் மாத்தினது, பிரேக் ஆயில் ரெண்டு தடவை, செயின் ஒரு தடவை. பெல்ட் மட்டும் இல்லை. "30,000 ஆனதும் சேர்த்துப் பண்ணலாம்னு விட்டுட்டேனுங்க"ன்னார். அஞ்சு வருஷம் முடிஞ்சு போச்சுன்னு மேனுவலைக் காட்டினேன். அவர் மறுக்கலை. டெஸ்மோ சர்வீஸ், பெல்ட், ஆயில் எல்லாம் சேர்த்து நான் முன்னாடியே வாங்கியிருந்த கொட்டேஷன் 74,000 ரூபாய். அதை வெச்சு 5.6 லட்சத்துல முடிஞ்சது.

கணக்கைப் பாருங்க. பெங்களூர் வண்டிக்கும் அதே பெல்ட் வேலை உண்டு. அதுக்கு மேல டயர் ஒரு ஜோடி 38,000, பேட்டரி 9,000, ஆயில் வகையறா. அதுக்கும் மேல கர்நாடகா பதிவு. ஃபாரம் 28-ல என்ஓசி வாங்கி இங்க வந்து தமிழ்நாட்டு வரியை மறுபடி கட்டணும். அங்க கட்டின வரியைத் திரும்ப வாங்கறது தனிக் கதை. நம்ம ஊர்ப் பதிவுன்னா ஃபாரம் 29, 30, லோன் இருந்தா 35, முடிஞ்சது. அதுக்கு முன்னாடி எம்பரிவாகன் ஆப்ல நம்பர் போட்டு லோன், இன்சூரன்ஸ், சலான் பாருங்க, 5 நிமிஷ வேலை. ஆக, 22,800 கிலோமீட்டர் குறைவா ஓடினதுக்காக நான் கொடுக்க வேண்டியிருந்த கூடுதல் விலை ரெண்டரை லட்சத்துக்கும் மேல. திரும்பி வர்ற ரயில்ல அப்பா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார்: "டெப்போவுல ஷெட்டுல நிக்கிற பஸ்தான்டா முதல்ல கெட்டுப்போகும். ரூட்ல ஓடறது கெடாது."

அம்மா தரப்பு வேற. அந்தப் பணத்துல ஊரப்பாக்கத்துல ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கலாம்ங்கிறது அவங்க வாதம். இன்னைக்கும் அதேதான். வண்டிக்கு வாங்கின லெதர் ஜாக்கெட்டையும் ஏர்பேக் வெஸ்ட்டையும் பார்த்தப்புறம் பயம் குறைஞ்சிருக்கும்னு நினைப்பீங்க. "இவ்வளவு போட்டுக்கிட்டுப் போற அளவுக்கு ஆபத்தான சாமானா"ன்னு கேட்டாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை, இப்பவும்.

சரி, வாங்கியாச்சு. கூட வாழறது எப்படி?

முதல்ல சூடு. ரெண்டு சிலிண்டரும் 90 டிகிரி கோணத்துல இருக்கு, ஒண்ணு முன்னாடி படுத்தாப்ல, இன்னொண்ணு நேரா உங்க தொடைக்குக் கீழ. மே மாசம் சாயங்காலம் 6 மணிக்கு சோழிங்கநல்லூர் சிக்னல்ல ஒரு தடவை நின்னீங்கன்னா அப்புறம் இந்த வண்டியை ஆபீசுக்கு எடுக்க மாட்டீங்க. நான் ஆபீசுக்குப் போறது ஸ்கூட்டர்ல. இதை வாங்கறவங்க இன்னொரு வண்டியும் வெச்சிருக்கணும், அந்தச் செலவையும் கணக்குல சேர்க்கணும். மூணாவது கியர்ல 30-ல உருட்டலாம்னு பார்த்தா செயின் படபடன்னு அடிக்கும். எஞ்சின் மெதுவா போறதுக்குச் செஞ்சதில்லை.

அடுத்தது நிறுத்தற இடம். ரெண்டு வாரம் எடுக்கலைன்னா பேட்டரி இறங்கும், அதனால பேஸ்மென்ட்ல ஒரு பிளக் பாயின்ட் வாங்கி டிரிக்கிள் சார்ஜர் போட்டிருக்கேன். அதுக்காக அசோசியேஷன் மீட்டிங்ல ஒரு மணி நேரம் விவாதம் நடந்துச்சு. எலி ஒரு தடவை பின்னாடி ஒயரிங்கைக் கடிச்சிடுச்சு. இத்தாலிய ஒயருக்குன்னு தனி ருசி எல்லாம் கிடையாது, பக்கத்துல நின்ன ஆக்டிவாவையும் கடிச்சிருந்தது. தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீஷியன் சால்டர் வெச்சு, ஸ்லீவ் போட்டு 600 ரூபாய்க்கு முடிச்சுட்டார். அப்புறம் மழை. 2024 அக்டோபர்ல வேளச்சேரி மேம்பாலத்துல ஜனங்க கார் எல்லாம் வரிசையா நிறுத்தினாங்களே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு ராத்திரி இந்த வண்டி என் நண்பன் வீட்டு போர்டிகோவுல, மடிப்பாக்கத்துலயே கொஞ்சம் மேடான தெருவுல. 210 கிலோவை சரிவுல தள்ளி ஏத்தினது நானும் அவனும் அவங்க மாமாவும்.

பெட்ரோல் இப்போ ஒரு தலைவலி. பங்க்ல வர்றது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். 2018 மாடல் வண்டி அதுக்குன்னு செஞ்சதில்லை. நான் மாசத்துக்கு ஒரு டேங்க் அளவுதான் ஓட்டறதால, லிட்டர் 160 ரூபாய் பக்கம் விக்கிற 100 ஆக்டேன் பெட்ரோலை இப்போ அப்பப்போ போடறேன். முக்கியமா, நீண்ட நாள் நிறுத்தறதுக்கு முன்னாடி. தினமும் ஓட்டறவங்களுக்கு இது கட்டுப்படியாகாது. இன்னும் பழைய, பிளாஸ்டிக் டேங்க் வெச்ச இத்தாலிய வண்டிகளைத் தேடறவங்க கூடுதலா யோசிக்கணும். எத்தனால்ல அந்த டேங்குகள் ஊதிப்போறது அமெரிக்காவுல கோர்ட் வரைக்கும் போன விஷயம்.

நான் எல்லாத்துக்கும் ஷீட் போடற ஆள். 2 வருஷம், 9,000 கிலோமீட்டர். டெஸ்மோவும் பெல்ட்டும் 74,000. வருஷாந்திர சர்வீஸ் ரெண்டு, 44,000. டயர் 38,000. இன்சூரன்ஸ் ரெண்டு வருஷம் 38,000. செயின் ஸ்பிராக்கெட் 16,000. பேட்டரி 9,000. பெட்ரோல் 56,000. மொத்தம் 2.75 லட்சம். கிலோமீட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல. சென்னை ஆட்டோ கூட இவ்வளவு கேட்காது... சரி, மழையில கேட்கும். வண்டியோட விலை இறங்கினதை இதுல நான் சேர்க்கலை. திருச்சித் தம்பி 8 லட்சத்துல 7.75-ஐ வண்டிக்குக் கொடுத்துட்டா, மீதி 25,000. முதல் பெல்ட் பில்லுக்கே அது பத்தாது. என் கணக்குல, 8 லட்சம் இருக்கிறவர் இந்த வண்டிக்கு அஞ்சரைக்கு மேல கொடுக்கக் கூடாது.

இவ்வளவு சொல்லிட்டு ஏன் இன்னும் வெச்சிருக்கன்னு கேட்பீங்க. கொல்லிமலையோட 70 கொண்டை ஊசிக்காகன்னு சொன்னா பொய். அங்க இதைக் கொண்டு போனேன், கிளட்ச் பிடிச்சுப் பிடிச்சு மணிக்கட்டு வீங்கினதுதான் மிச்சம். அங்க ஒரு எக்ஸ்பல்ஸ் இதைவிட சந்தோஷமா ஏறும். இந்த வண்டிக்கான ரோடு செங்கத்துலயிருந்து சிங்காரப்பேட்டை போற மாதிரி ரோடு. காலையில 6 மணி, ரெண்டு பக்கமும் காடு, நீளமா வளைஞ்சு போற வளைவு. நாலாவது கியர்ல 4,000 ஆர்பிஎம்லயிருந்து திராட்டிலைத் திறந்தா, நாலு சிலிண்டர் வண்டி மாதிரி கத்தாம, அடியிலயிருந்து தள்ளும். வளைவுக்குள்ள ஒரு தடவை சாய்ச்சு வெச்சா அப்படியே நிக்கும், நீங்க திருத்த வேண்டியதில்லை. கோடு போட்ட மாதிரி வெளிய வரும். (இங்கே எஞ்சின் ஒலி, 40 வினாடி.) கேட்டீங்களா, அந்தச் சத்தத்துல ஒரு நொண்டல் இருக்கு பாருங்க? ரெண்டு சிலிண்டரும் சம இடைவெளியில வெடிக்கிறதில்லை, 270 டிகிரி, 450 டிகிரின்னு மாறி மாறி. சத்தம் அதனாலதான் அப்படி.

கடைசியா ஒரு கேள்வி அடிக்கடி வருது. டுகாட்டியே டெஸ்மோவை விட ஆரம்பிச்சுட்டாங்களே, காத்திருக்கலாமான்னு. உண்மைதான். 2020-ல வந்த மல்டிஸ்ட்ராடா வி4 எஞ்சின்ல சாதாரண ஸ்பிரிங் போட்டாங்க, வால்வு பார்க்கறது 60,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயிடுச்சு. 2024-ல அறிவிச்ச 890 சிசி வி2-லயும் ஸ்பிரிங்தான், 45,000 கிலோமீட்டர். கேம் ஓடறதும் பெல்ட்ல இல்லை, செயின்ல. அதெல்லாம் செகண்ட் ஹேண்ட்ல நம்ம பட்ஜெட்டுக்கு இறங்கி வர சில வருஷம் ஆகும். பொறுமை இருக்கிறவங்க தாராளமா காத்திருங்க. எங்கப்பா கிட்ட சொன்னேன், அவர் பெருசா ஆச்சரியப்படலை. "இப்பதான் புத்தி வந்திருக்கு"ன்னார்.

திருச்சித் தம்பிக்கு: வண்டிக்காரர்கிட்ட மூணு போட்டோ கேளுங்க. பெல்ட் மாத்தின பில்லுல தேதி தெரியற மாதிரி ஒண்ணு, ரெண்டு டயரோட நாலு இலக்கம் தலா ஒண்ணு. அது வந்தப்புறம் மெயில் போடுங்க, விலையைப் பத்தி அப்போ பேசலாம். என் வண்டியில பெல்ட் மறுபடி மாத்த வேண்டியது 2028 செப்டம்பர்ல. ஒரு சின்ன ஸ்டிக்கர்ல எழுதி சீட்டுக்கு அடியில ஒட்டி வெச்சிருக்கேன், என்கிட்டயிருந்து வாங்கப்போறவர் தூக்கிப் பார்க்கட்டும்னு.

அடுத்த வாரம் பார்க்கலாம். வணக்கம்.